அயர்லாந்து வயலில் அகழி மேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

அகழி என்றதும் நமக்குக் கோட்டை மதில் நினைவுக்கு வரும். நான் வசிக்கும் வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் தேடிப் போனால் மதில் எதுவும் இருக்காது. மாடு மேயும் வயலின் ஓரத்தில் சதுரமாக ஒரு மேடு, அதைச் சுற்றிக் கோரை மண்டிய பள்ளம், அவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆங்கிலோ-நார்மன் குடியேறிகள் (இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன் வழியினர்) தங்கள் பண்ணை வீட்டைச் சுற்றி வெட்டியது. மரத்தாலும் களிமண்ணாலும் எழுப்பிய வீடுகள் எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டன.

முதலில் வீட்டிலிருந்தே தேடுங்கள். அயர்லாந்தின் தேசிய நினைவுச்சின்னச் சேவை இணையத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அதில் தொல்லிடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 'மோட்டட் சைட்' (அகழி சூழ்ந்த இடம்) என்று வகை குறித்த புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, டிப்பரேரி, லிமெரிக், கார்க் பகுதிகளில் நிறைய உண்டு. கேலிக் தலைவர்கள், அதாவது அயர்லாந்தின் பூர்வீகத் தலைவர்கள், கட்டியவையும் சில இருக்கின்றன. ராஸ்காமனில் க்ளூன்ஃப்ரீ அப்படிப்பட்டது. அதைப் புகழ்ந்து ஐரிஷ் மொழியில் பாட்டே பாடியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 'மோட்' என்றால் அகழிதான், ஆனால் பழைய வரைபடங்களில் அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். நானும் அப்படிப் போய் ஒரு நாளை வீணாக்கினேன். அயர்லாந்தில் அந்தச் சொல் பெரும்பாலும் நார்மன்கள் குவித்த உயரமான மண்மேட்டைக் குறிக்கும். வெஸ்ட்மீத்தில் மோட் என்ற ஊருக்கே அப்படித்தான் பெயர் வந்தது.

சரி, எப்படித்தான் அடையாளம் காண்பது? மூலையைத் தேடுங்கள். இந்த நாட்டில் வட்டமான மண்வரப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் அவை இன்னும் பழைய குடியிருப்புகள். அகழி மேட்டில் பள்ளம் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

பிப்ரவரியில் போங்கள். முட்செடியும் காஞ்சொறியும் காய்ந்து கிடக்கும், மழையில் பள்ளம் நிறைந்திருக்கும், மாலை நாலு மணியின் சாய்ந்த வெயிலில் சின்ன வரப்புக்கும் நிழல் விழும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

நிலம் தனியாருடையது. உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்ட பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் மேட்டில் ஏறிவிடாதீர்கள். முதலில் வெளிப்பக்கமாக ஒரு சுற்று நடங்கள். பக்கத்துக்கு எத்தனை தப்படி என்று எண்ணுங்கள். பெரும்பாலும் தாழ்வான நிலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அகழிக்குத் தண்ணீர் வேண்டும். அருகிலுள்ள ஓடையிலிருந்து வாய்க்கால் வந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குப் பிடித்த வேலை அதுதான். அகழிக்குக் குறுக்கே மண்பாதை இருந்தால் அது வாசலாக இருக்கலாம். மரப்பாலம் போட்டிருந்த இடங்களும் உண்டு.

எதையும் தோண்டாதீர்கள். உரிமம் இல்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவது சட்டப்படி குற்றம்.

திரும்பும்போது பார்த்ததை நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தன் தாத்தா வெட்டிய குளம் என்றே நினைத்திருந்த ஒரு பெரியவர், அந்த மூலையைப் பற்றி நான் சொன்னதும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னோடு மறுபடி வயலுக்கு வந்தார்.