ஷரத்து எழுதப் பழக்க ஐந்து கேள்விகள்

சட்ட மாணவர் எழுதிய ஒப்பந்த ஷரத்தை நீங்களே திருத்தாதீர்கள். பக்கத்து மாணவரிடம் கொடுத்து யார், யாருக்கு, என்ன, எத்தனை நாளுக்குள், தவறினால் என்ன என்ற ஐந்துக்கும் அதற்குள்ளேயே விடையை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எழுதியவர் மனசில் விடை இருப்பதால் ஓட்டை அவர் கண்ணில் படாது. 'வீட்டைக் காலி செய்ததும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்': யார் தருவது, எப்போது, பெயின்ட் செலவைக் கழிக்கலாமா? எல்லாமே தொங்கும். பெரும்பாலும் அந்த '-படும்'தான் ஆளை ஒளித்துவிடுகிறது.

ஐந்தாவதான 'தவறினால் என்ன' என்பதற்கு மாணவர்கள் பெரிய தொகையாகப் போடுவார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74இன்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

வரையறை (ஒரு சொல்லுக்கு என்ன பொருள்), நீதிமன்ற எல்லை (வழக்கு எந்த நீதிமன்றத்தில்) பற்றிய ஷரத்துகளுக்கு இது சரிவராது. அவற்றில் யாருக்கும் கடமை இல்லை.