சியாங் மாய் இரவுச் சந்தை: முதல் முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்தின் வடக்கே, 1296இல் மன்னர் மங்ராய் நிறுவிய ஊர் சியாங் மாய். அகழி சூழ்ந்த அதன் பழைய நகரத்துக்குள், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ராட்சதம்னோன் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சந்தை போடுகிறார்கள். முதல் தடவை போனபோது, நுழைந்த இடத்திலேயே ஒரு தட்டு நிறைய நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். ஐம்பது அடி தள்ளி நல்ல பண்டங்கள் வரிசையாக வந்தன, வயிற்றில் இடமில்லை. இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. நீங்கள் அப்படித் திரும்பக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஞாயிறு என்றால் ராட்சதம்னோன். சனிக்கிழமை என்றால் பழைய நகரத்தின் தெற்கே, வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்ற வுவாலாய் தெரு. மற்ற நாட்களில் வடக்கு வாசலான சாங் புவாக் அருகே மாலையில் உணவுக் கடைகள் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று குளிர்ச்சியாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் காடும் வயலும் எரியும் புகை ஊரை மூடிக்கொள்வதால் அந்த மாதங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: மேற்கிலிருந்து தொடங்குங்கள்

ஞாயிற்றுச் சந்தையில் கூட்டம் முழுவதும் கிழக்கே தா பே வாசலில் நுழைகிறது. நீங்கள் மறுமுனையில், வாட் பிரா சிங் கோயிலருகே இறங்கிக்கொள்ளுங்கள். இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஐந்து மணிக்குள் போய்விட்டால், கடைக்காரர்கள் அடுப்பு மூட்டுவதை நின்று பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும்.

கையில் 20, 50, 100 பாத் தாள்கள் இருக்கட்டும். முப்பது பாத் பலகாரத்துக்கு ஆயிரம் பாத் தாளை நீட்டினால் கடைக்காரர் சில்லறைக்குத் திண்டாடுவார்.

மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கேட்கும். அந்தக் கணமே தெரு முழுவதும் நின்றுவிடும். எண்ணெயில் கரண்டி வைத்திருந்த கைகூட அசையாது. நீங்களும் நின்றுவிடுங்கள். பாட்டு முடிந்ததும் ஒரே நேரத்தில் எல்லாக் குரல்களும் திரும்பிவரும்.

மூன்றாம் படி: சின்னதாக வாங்கி, பகிர்ந்து சாப்பிடுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. பெரும்பாலான பண்டங்கள் சின்ன அளவில், 20 முதல் 60 பாத் விலையில் கிடைக்கின்றன. இரண்டு பேர் போனால் எதையும் ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

நான் முதலில் தேடுவது கனோம் க்ரோக். நம் பணியாரக் கல்லைப் போலவே குழிகள் உள்ள கல். அரிசி மாவை முதலில் ஊற்றி, சற்று வெந்ததும் மேலே தேங்காய்ப்பாலை விட்டு மூடுகிறார்கள். சிலவற்றில் வெங்காயத்தாள், சிலவற்றில் சோளம். வெந்ததும் கரண்டியால் நெம்பி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தருகிறார்கள். ஓரம் மொறுமொறு என்றும் நடுப்பகுதி தளதளவென்றும் இருக்கும். இனிப்பும் உப்பும் ஒரே வாயில் தெரியும். நடுவில் உள்ள தேங்காய்ப்பால் வெகுநேரம் சூடு ஆறாது, ஆகவே பொறுமையாகக் கடியுங்கள்.

அடுத்து ‘நாம் ப்ரிக் நும்’. சுட்ட பச்சைமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து இடித்த துவையல் இது. கூடவே காவ் நியாவ் என்ற ஒட்டரிசிச் சோறு வாங்குங்கள். வலக்கையால் சிறு உருண்டையாகப் பிடித்துத் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசைவம் உண்பவர்கள் சாய் உவாவையும் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைப்புல், மஞ்சள், மிளகாய் மணக்கும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி அது.

வடக்கின் புகழ்பெற்ற காவ் சோயை, அதாவது தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் முட்டை நூடுல்ஸை, இரவுக்கு வைக்காதீர்கள். அதற்கென்றே உள்ள கடைகளில் பல மதியத்தோடு மூடிவிடும். ஒரு கிண்ணமே வயிற்றை நிறைத்துவிடும் என்பதால் அதை வேறொரு நாள் மதியத்துக்கு ஒதுக்குங்கள்.

நான்காம் படி: சைவம் உண்பவர்கள் கேட்டு வாங்குங்கள்

என் தோழி ஒருத்தி, பப்பாளிக்காய் சாலட்தானே என்று நம்பி சோம் தாம் வாங்கினாள். வாயில் வைத்த பிறகுதான் காய்ந்த இறால் தெரிந்தது. மீன் சாஸும் காய்ந்த இறாலும் அங்கே உப்பு, புளி மாதிரி. தனியாகச் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு நிறத்தில் 17 என்ற எண்ணைப் போன்ற எழுத்து இருந்தால் அது ‘ஜே’ கடை: இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. மற்ற கடைகளில் ‘மாய் சை நாம் ப்லா’ என்று சொல்லுங்கள். மீன் சாஸ் வேண்டாம் என்று பொருள். ‘மாய் பெட்’ என்றால் காரம் வேண்டாம். பெண்கள் கடைசியில் ‘கா’ என்றும் ஆண்கள் ‘க்ரப்’ என்றும் சேர்த்தால் மரியாதை.

ஐந்தாம் படி: கோயில் முற்றத்தில் உட்காருங்கள்

வழியில் வாட் பான் ஓன் போன்ற கோயில்களின் முற்றங்களிலும் உணவுக் கடைகள் போடுகிறார்கள். பொன்னிறத் தூபியின் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த அரைமணி நேரம், இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது வழிபாட்டிடம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், சன்னிதிக்குள் போனால் செருப்பைக் கழற்றுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அரிது. காலியான தட்டுகளுக்குப் பையில் ஒரு உறை வைத்திருங்கள்.

கடைசியாக, மாம்பழமும் ஒட்டரிசியும். ஏப்ரல், மே மாதங்களில் பழம் உச்சத்தில் இருக்கும். அதைப் பொட்டலமாகக் கட்டச் சொல்லிவிட்டு, தா பே வாசலுக்கு வெளியே நிற்கும் சொங்தேவ் என்ற சிவப்புப் பகிர்வு வண்டியில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். அறைக்குப் போனதும் சாப்பிட்டுவிடுங்கள். மேலே ஊற்றும் தேங்காய்ப்பால் காலைக்குள் புளித்துவிடும்.