கார் எஞ்சின் சூடேற மறுக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டுகிறோம். போதிய சூடு ஏறாமலேயே ஓடினால் மட்டும், "குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. பெரும்பாலான கார் எஞ்சின்கள், அவற்றைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. டாஷ்போர்டில் வெப்பநிலையைக் காட்டும் முள் அதற்கும் கீழேயே நின்றுவிட்டால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் அங்கேயே தங்கும். தேய்மானம் சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போகும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பெரிய பட்டறை தேவையில்லை. காரின் கணினியிலிருந்து தகவல்களைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர், மின்தடையை அளக்கும் ஒரு மல்டிமீட்டர், உங்கள் கை, கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பாகத்தையும் வாங்கிவிட்டுச் சோதிக்காதீர்கள், சோதித்துவிட்டு வாங்குங்கள்.

முதலில், எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா?

கூலன்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் தவறாகச் சொன்னாலும் முள் கீழேதான் நிற்கும். ஆகவே எஞ்சின் குளிர்கிறதா, குளிர்வதாகக் காட்டப்படுகிறதா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் இறங்குவதால்தான் பலரும் நல்ல பாகத்தைக் கழற்றி எறிகிறார்கள்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியைத் திருப்பி ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சில டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. காற்று 27 என்றும் கூலன்ட் 8 என்றும் காட்டினால், சந்தேகம் சென்சார் மீது விழ வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் சென்சாரின் வயர் அறுந்திருக்கும், அல்லது இணைப்பு கழன்றிருக்கும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல புதிய கார்களில் வெப்பநிலை 75க்கும் 105க்கும் இடையே எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் தெரியும் எண்தான் கணக்கு. பி0128 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால், கூலன்ட் எதிர்பார்த்த நேரத்தில் தேவையான சூட்டை எட்டவில்லை என்று பொருள். அதைப் பார்த்ததும் சென்சார் வாங்க ஓடாதீர்கள். அந்தக் குறியீட்டுக்கு, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கூலன்ட் அளவு

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அளவு குறைந்து, சென்சாரின் முனை காற்றுக்குள் நின்றுவிட்டால் அது தவறான எண்ணைத்தான் சொல்லும். நிரப்புங்கள், எங்கே கசிகிறது என்றும் பாருங்கள்.

ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இதற்குக் கருவியே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும், கூலன்டை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நிற்கும் ஒரு கதவு. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடும். பல தெர்மோஸ்டாட்டுகள் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகின்றன. அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டும்.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் அவ்வப்போது கை வையுங்கள். முதல் சில நிமிடங்களில் அது குளிர்ந்தே இருக்க வேண்டும். ஸ்கேனரில் எண் 80ஐத் தாண்டியதும் ஒரு கட்டத்தில் சட்டென்று சூடேறும். கதவு திறந்த கணம் அதுதான். மாறாக, தொடக்கம் முதலே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால், கதவு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் எந்த நேரத்திலும் சுழலத் தொடங்கலாம். கையையும் சட்டையையும் அதிலிருந்து விலக்கியே வைத்திருங்கள்.

சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் முன்கூட்டியே வெதுவெதுப்பாவது இயல்புதான், கீழ் ஹோஸைக் கவனியுங்கள்.

பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது 85ஐ எட்டுகிற எண், வேகமாக ஓடும்போது 65க்கு இறங்கி, நின்றதும் மறுபடி ஏறுகிறதா? அப்படியென்றால் குற்றவாளி தெர்மோஸ்டாட்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். ஓட்டத்தில் ரேடியேட்டர் வழியே பாயும் காற்று, திறந்த கதவின் வழியாக எஞ்சினின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

ஃபேனும் சென்சாரும்

ஏசி அணைந்திருக்கும்போது, ஆறிய எஞ்சினிலேயே ஃபேன் ஓயாமல் சுற்றினால் அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சென்சார் இணைப்பு போயிருக்கலாம். பல கார்களில் சென்சாரிடமிருந்து செய்தி வராவிட்டால் பாதுகாப்புக்காகக் கணினியே ஃபேனை ஓடவிடும். ஆனால் தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பெரிதாகக் குளிராது. அதனால் ஃபேனைச் சரிசெய்ததோடு நிறுத்திவிட வேண்டாம்.

சென்சாரைச் சோதிக்க அதன் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். சூடு ஏற ஏற மின்தடை குறையும். பல சென்சார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓமும் இருக்கும். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அட்டவணைதான் இறுதி.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் பார்ப்பது

எஞ்சின் ஆறியபின், கூலன்டை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொண்டு தெர்மோஸ்டாட் உறையைத் திறங்கள். சில கார்களில் உள்ளே ஒன்றுமே இருக்காது. எப்போதோ எஞ்சின் சூடாகிறது என்று யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இருந்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆறிய நிலையில் வால்வைச் சுற்றிக் கீற்றாகவும் ஒளி தெரியக்கூடாது. காற்று வெளியேறுவதற்கான சின்னத் துளை மட்டும் விதிவிலக்கு. நான் கழற்றிய ஒன்றில், கசிவைத் தடுக்க வைக்கும் பழைய கேஸ்கட்டிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு வால்வின் விளிம்பில் சிக்கியிருந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. அந்த இடைவெளி ஒன்றே எஞ்சினை 70 டிகிரியைத் தாண்டவிடவில்லை.

பிறகு அதை ஒரு நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிடுங்கள். அடிப்பகுதி நீரைவிடச் சூடாக இருப்பதால் பட்டால் கணக்கு தப்பிவிடும். வெப்பமானியையும் இறக்கி மெல்லச் சூடேற்றுங்கள். விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகே வால்வு அசையத் தொடங்க வேண்டும். 60 டிகிரியிலேயே திறந்தால் மாற்றிவிடுங்கள்.

புதியதைப் பொருத்தும்போது

கார் நிறுவனம் சொன்ன அதே டிகிரி எண் உள்ளதை வாங்குங்கள். கேஸ்கட்டும் புதிதாக இருக்கட்டும். மெழுகு உள்ள ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கியும், காற்றுத் துளை மேலாகவும் இருக்க வேண்டும். பரிந்துரைத்த கூலன்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

எஞ்சின் மறுபடி ஆறட்டும். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஹோஸ் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். எண் நிதானமாக ஏறி, 80களில் கதவு திறந்ததும் ஓரிரு டிகிரி இறங்கி, பிறகு 90ஐ ஒட்டி நிலைத்து நின்றால் வேலை முடிந்தது, பானெட்டை மூடலாம்.