இங்கிலாந்து இடைநிலைப் பள்ளியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், தொடக்க ஆண்டைத் தேடுவதை விடுத்து, இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கிச் செல்வதே நல்லது. சட்டம் மாறும்போதெல்லாம் பெயரும் நிர்வாகமும் மாறியதால், ஒரே வளாகத்தில் இயங்கிய பள்ளி ஆவணங்களில் பல பள்ளிகளாகத் தோன்றக்கூடும். 2010ஆம் ஆண்டின் அகாடமிகள் சட்டத்தின்படி அகாடமியாக, அதாவது உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் இல்லாமல் அரசிடமிருந்து நேரடியாக நிதி பெறும் பள்ளியாக, மாறிய பள்ளிக்கு அரசின் பதிவேட்டில் புதிய அடையாள எண் கிடைத்தது. பழைய எண்ணோ 'மூடப்பட்டது' என்று காட்டும். அதை நம்பிப் பள்ளியே மூடப்பட்டதாக எழுதிவிடாமல், இரு பதிவுகளின் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய பெரிய திருப்பம் 1965இல் அரசின் கல்வித் துறையிடமிருந்து வந்த 10/65 எண் சுற்றறிக்கை. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை அடுத்து, பதினொரு வயதில் எழுதும் தேர்வைக் கொண்டு மாணவர்களை, தேர்வில் சிறந்தவர்களுக்கான கிராமர் பள்ளி, தொழில்நுட்பக் கல்விக்கான டெக்னிகல் பள்ளி, மற்றவர்களுக்கான செகண்டரி மாடர்ன் பள்ளி எனப் பிரித்த முறையைக் கைவிட்டு, அனைவருக்கும் பொதுவான காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளுக்கு மாறும் திட்டங்களை அனுப்புமாறு உள்ளூர்க் கல்வி நிர்வாகங்களை அது கேட்டுக்கொண்டது. உத்தரவாக அல்லாமல் வேண்டுகோளாகவே வந்ததால், மாற்றம் ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆண்டில் நிகழ்ந்தது. சில பகுதிகளில் கிராமர் பள்ளிகள் இன்றும் உள்ளன. ஆகவே, குறிப்பிட்ட பள்ளி மாறிய ஆண்டை உள்ளூர்க் கல்விக் குழுவின் கூட்டக் குறிப்புகளில்தான் உறுதிசெய்ய வேண்டும். அவை பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

1902ஆம் ஆண்டின் சட்டத்தால் உள்ளூர் மன்றங்கள் இடைநிலைக் கல்வியை ஏற்றன. அக்காலத்துப் பள்ளிகளுக்கு, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இடைநிலைப் பள்ளிகள் பற்றிய ஈ.டி. 35 வரிசைக் கோப்புகளைப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளியாகப் பிறந்து பின்னர் வளர்ந்த பள்ளியானால், தலைமையாசிரியர் எழுதிவந்த லாக் புத்தகமே (பள்ளி நிகழ்வுகளின் குறிப்பேடு) முதன்மைச் சான்று. வருகைக் குறைவு, தொற்றுநோய், ஆய்வாளர் வருகை எல்லாம் அதில் பதிவாகும்.

நிறுவியவர் பற்றிய பெருமைப் பேச்சை மட்டும் சற்றுச் சந்தேகத்துடனே அணுக வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆறாம் எட்வர்டு மன்னரின் பெயர் தாங்கிய பள்ளிகள் எல்லாம் அவரால் புதிதாகத் தொடங்கப்பட்டவை அல்ல. ஸ்ட்ராட்ஃபோர்ட் அப்பான் ஏவன் என்னும் ஊரில், சமயக் குழு ஒன்று முன்பே நடத்திவந்த பள்ளிதான், அக்குழு கலைக்கப்பட்ட பின் 1553ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் மீண்டும் நிறுவப்பட்டது. இத்தகைய பள்ளிக்கு, சாசன ஆண்டையும் பள்ளி இருந்ததற்கான முதல் சான்றின் ஆண்டையும் தனித்தனியே குறிப்பிடுவதே முறை.