சிறிய சுருட்டும் ஒரு ஸ்மால் விஸ்கியும்: சேர்த்துச் சுவைக்கும் முறை

சுருட்டுடன் விஸ்கியைச் சேர்ப்பது பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும் பெரிய சுருட்டுகளை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். சிறிய சுருட்டின் கணக்கு வேறு. கியூபாவின் எச். உப்மன் ஹாஃப் கொரோனாவை எடுத்துக்கொண்டால் அதன் நீளம் 90 மில்லிமீட்டர். பருமன் 44 ரிங், அதாவது ஓர் அங்குலத்தை 64 கூறாக்கினால் அதில் 44 கூறு, ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர். நெருப்புக்கும் உதட்டுக்கும் இடையில் இருக்கும் இலை குறைவு என்பதால் புகை ஆறுவதற்கு வழியில்லை. அவசரப்பட்டு இழுத்தால் பாதியைத் தாண்டும் முன்பே நாக்கில் கசப்பும் தொண்டையில் காறலும் ஏறிவிடும். ஆகவே எந்தச் சுவைக்கு எந்தச் சுவை பொருந்தும் என்பது இரண்டாவது கேள்விதான். சூட்டைக் கட்டுக்குள் வைப்பதே முதல் வேலை. விஸ்கியையும் அதற்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறிய சுருட்டு என்ற பெயரில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. தகர டப்பாக்களில் வரும் மெல்லிய சுருட்டுகள் பெரும்பாலும் நறுக்கிய புகையிலையை வைத்து இயந்திரத்தில் செய்யப்படுபவை. பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஹாஃப் கொரோனா, பார்த்தகாஸ் ஷார்ட்ஸ் போன்றவை முழு நீள இலைகளைக் கையால் சுற்றிச் செய்யப்படுபவை. நிதானமாகப் புகைத்தால் அரை மணி நேரம் வரும். இங்கே சொல்வதெல்லாம் கைச்சுற்றுச் சுருட்டுக்குத்தான். அதை 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும். ஏசி அறையின் திறந்த அலமாரியில் விட்டால் காய்ந்துபோகும். ஃபிரிட்ஜில் வைத்தால் காய்வதோடு சாம்பார் வாசனையும் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைப்பது போதுமானது. வெப்பம் கூடினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து இலையைத் துளைத்துவிடும். புகைக்கும் முன் இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தால் சற்றே அமுங்கி மீண்டும் நிமிர வேண்டும். நொறுங்கும் ஓசை கேட்டால் அந்தச் சுருட்டு சூடாகத்தான் எரியும், அதற்காக நல்ல விஸ்கியை வீணாக்க வேண்டாம்.

விஸ்கியில் கவனிக்க வேண்டியது ஆல்கஹாலின் அளவு. புகையால் ஏற்கெனவே சூடேறிய வாயில் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட விஸ்கி எரிச்சலைக் கூட்டி நாக்கை மரத்துப்போகச் செய்யும். ஹாஃப் கொரோனா வீரியத்தில் மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. அதனுடன் 40 சதவீத ஸ்காட்ச் விஸ்கியான பால்வெனி டபுள்வுட் 12 நன்றாகச் சேரும், ஏனெனில் அது முதலில் பழைய அமெரிக்க ஓக் பீப்பாய்களிலும் பிறகு ஷெர்ரி என்ற ஒயினின் பீப்பாய்களிலும் ஊறுவதால் வெனிலாவும் உலர் திராட்சையின் இனிப்பும் அதில் இருக்கின்றன. அதே சுருட்டுக்கு லகவுலின் 16 பொருந்தாது என்பது என் கருத்து: கரிப்புகை மணம் மிகுந்த அந்த ஸ்காட்லாந்து ஐலா தீவு விஸ்கிக்கு எதிரே மெல்லிய சுருட்டு இருந்த இடம் தெரியாமல் போகும். புகையோடு புகை சேரும் என்று பலர் நம்புவது ஏட்டளவில் சரி. நடைமுறையில் பார்த்தகாஸ் ஷார்ட்ஸ் போன்ற கனமான சுருட்டு மட்டுமே அதற்கு ஈடுகொடுக்கும். கருநிற மதுரோ இலை போர்த்திய சுருட்டுக்கு, ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்து வடிக்கப்படும் மேக்கர்ஸ் மார்க் போன்ற இனிப்பான போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஏற்றது. நம் பக்கத்து பெங்களூரில் உருவாகும் அம்ருத் ஃப்யூஷன் 50 சதவீதம் என்பதால் 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட வேண்டும். 43 சதவீதத்துக்கு இறங்கியதும் அதன் கரி மணமும் பழ மணமும் தனித்தனியே தெரியும்.

ஊற்றும் அளவு 30 மில்லி போதும். லார்ஜ் ஊற்றினால் சுருட்டு முடிந்த பிறகும் கிளாஸில் மீதி நிற்கும், அல்லது அதை முடிக்கும் அவசரம் வரும். ஐஸ் போடாமல் இருப்பது நல்லது. குளிரில் நாக்கும் சுருங்கும், விஸ்கியின் மணமும் அடங்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும். சிக்கன் 65, ஊறுகாய், மிளகாய் தூவிய கடலை ஆகியவை வேறொரு நாளுக்கு. காரம் பட்ட நாக்கில் சுருட்டின் சுவை ஏறாது. ஆனால் வெறும் வயிற்றோடும் உட்காரக் கூடாது, ஏனெனில் சுருட்டுப் புகையை உள்ளிழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியே இரத்தத்தில் ஏறித் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். புகையிலையும் மதுவும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து ஒவ்வொன்றும் தனியே தருவதைவிடப் பன்மடங்காகிறது. இதை அறிந்தே எப்போதாவது செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

சுருட்டின் மூடிய முனையில் சிறு தொப்பி போல ஒட்டப்பட்டிருக்கும் இலைத் துண்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டாம். தொப்பியின் கீழ்க்கோட்டைத் தாண்டினால் சுற்று அவிழ்ந்து இலை வாயோடு வரும். இரு முனையும் திறந்திருக்கும் திருச்சி உறையூர்ச் சுருட்டுக்கு இந்த வேலையே இல்லை. பற்றவைக்கக் கேஸ் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ ஏற்றது. மெழுகுவத்தியும் பெட்ரோல் லைட்டரும் தம் வாடையை முதல் இழுப்பிலேயே ஏற்றிவிடும். சுடரைத் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை விரல்களால் உருட்டிக்கொண்டே விளிம்பு முழுவதும் சாம்பல் பூக்கும் வரை வாட்டிய பிறகே வாயில் வைத்து இழுக்க வேண்டும். முனையை ஊதிப் பார்த்தால் கங்கு வட்டமாக ஒரே நிறத்தில் ஒளிர வேண்டும். ஒரு பக்கம் கறுத்திருந்தால் அங்கே மட்டும் மீண்டும் சுடரைக் காட்டலாம். தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் இடத்திலும் காற்று வீசும் மொட்டை மாடி விளிம்பிலும் சுருட்டு ஒருபக்கமாகவும் வேகமாகவும் எரியும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது பொதுவிதி. சிறிய சுருட்டுக்கு, குறிப்பாகப் பாதிக்குப் பிறகு, அதைவிடவும் தாமதிக்கலாம். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் விஸ்கி. முதலில் ஒரு சிறு மிடறு எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்கி, அதன் எரிவு அடங்கிய பின் மெதுவாக ஓர் இழுப்பு. புகையை வாயில் இரண்டு நொடி வைத்திருந்து வெளியே விடும்போது கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் மணம் விளங்கும். வாயில் விஸ்கி இருக்கும்போதே புகையை இழுத்தால் இரண்டும் கெடும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும். சாம்பலைத் தட்டித் தட்டி விழவைக்கத் தேவையில்லை. ஓரளவு நீண்ட சாம்பல் கங்கின் சூட்டைத் தணிக்கும், தானே தளரும்போது ஆஷ்ட்ரேயின் விளிம்பில் சாய்த்தால் உதிர்ந்துவிடும்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் விரல்களுக்குச் சூடு தெரியத் தொடங்கும்போது மிச்சமுள்ள விஸ்கியில் சில துளி தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். இனிப்பு மேலே வந்து கசப்பைச் சற்று மட்டுப்படுத்தும். அதற்கும் கசப்பு அடங்கவில்லை என்றால் நீளம் பாக்கியிருக்கிறதே என்று பார்க்காமல் நிறுத்திவிடுவதே சரி. சிகரெட்டைப் போல நசுக்காமல் ஆஷ்ட்ரேயில் கிடத்தினால் சில நிமிடங்களில் தானே அணையும். பின்னர் அதன் மீது தண்ணீர் விட்டு உடனே வெளியே கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் வரை அறையில் நெடி நிற்கும்.