டேப்ல நுரையா கொட்டுதா? ரெகுலேட்டர்ல உடனே கை வைக்காதீங்க

பெங்களூர்ல பப், மைக்ரோப்ரூவரினு சுத்தி பல வருஷமா டிராஃப்ட் பீர் லைன், அதாவது பீப்பாய்ல இருந்து டேப்புக்கு பீர் வர்ற குழாய் வேலைதான் பாக்குறேன். வர்ற போன்ல பாதிக்கு மேல ஒரே கம்ப்ளெயின்ட், "அண்ணா வெறும் நுரையா வருது". போய் பாத்தா அதுக்குள்ள யாராவது ரெகுலேட்டரை திருகி, பீரைத் தள்ளுற கார்பன் டை ஆக்சைடு கேஸோட ப்ரெஷரை குறைச்சு வச்சிருப்பாங்க. ப்ரெஷர் குறைஞ்சா பீர்ல கரைஞ்சிருக்க கேஸ் லைன்லயே பிரிஞ்சிடும், நுரை இன்னும் ஜாஸ்திதான் ஆகும்.

முதல்ல சூடு எவ்வளவுனு பாருங்க. கூலர் டிஸ்ப்ளே காட்டுறது காத்தோட சூடு, அதை நம்பாதீங்க, ரெண்டாவது கிளாஸ் பீரை புடிச்சு அதுக்குள்ள தெர்மாமீட்டரை விட்டு பாருங்க, 3-4 டிகிரி இருக்கணும். காலைல வண்டில வந்து இறங்குன 50 லிட்டர் கெக்கை (பீர் பீப்பாய்) சாயங்காலமே மாட்டுனா நுரைதான் வரும், நடு வரைக்கும் குளிர ஒரு நாள் முழுசா வேணும். முதல் கிளாஸ் மட்டும் நுரை, அப்புறம் நல்லா வருதுன்னா கெக்ல கோளாறு இல்ல, டவர் (டேப் மாட்டியிருக்க கவுன்டர் தூண்) சூடா இருக்கு, கூலர் காத்து டவருக்குள்ள ஏறுதானு பாருங்க.

சூடு சரியா இருந்தா அப்புறம் ப்ரெஷர். சாதா லாகர் பீருக்கு 11-12 பிஎஸ்ஐ போதும், பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கறதால நான் இன்னும் ஒண்ணரை சேத்து 13 கிட்ட வைப்பேன்.

அதுக்கும் அடங்கலையா, கெக் மேல மாட்டுற கப்ளரை பாருங்க. ஒரு பப்ல ரெகுலேட்டரையே புதுசா வாங்கி மாத்திட்டாங்க, நுரை நிக்கவே இல்ல. நான் டார்ச் அடிச்சு கப்ளருக்கு மேல இருக்க ட்யூபை பாத்தேன், பொடிப்பொடியா குமிழி விடாம ஏறிட்டு இருந்துச்சு. கேஸை மூடி, கப்ளரை கழட்டி பாத்தா அடி வாஷர்ல நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், அது வழியா கேஸ் நேரா பீருக்குள்ள போயிருக்கு. வாஷர் மாத்துனேன், ஃபுட் கிரேட் கிரீஸ் லேசா தடவுனேன், அவ்வளவுதான், நுரை நின்னுடுச்சு.

இப்ப கிளீனிங், இதுலதான் எல்லாரும் ஏமாத்துறாங்க, எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற இடம் இது. டேப்பை கழட்டி உள்ள விரலை விட்டு பாருங்க, வழவழனு பழுப்பா ஒட்டும், புளிச்ச வாடை அடிக்கும், கஸ்டமர் குடிக்கிறது அது வழியாதான் வருது. 14 நாளைக்கு ஒரு தடவை லைன் கழுவியே ஆகணும். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க. கேஸ் மூடி, கப்ளரை கெக்ல இருந்து எடுத்துட்டு, லைனை தண்ணி விட்டு அலசுங்க. 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணில காஸ்டிக் கிளீனரை 2 சதவீதம் கலக்குங்க, எப்பவும் தண்ணிலதான் கெமிக்கலை ஊத்தணும், கெமிக்கல் மேல தண்ணி ஊத்தக் கூடாது. பம்ப் வச்சு 15 நிமிஷம் சுத்த விடுங்க, பம்ப் இல்லைன்னா ரொப்பி 20 நிமிஷம் ஊற விடுங்க. அந்த நேரத்துல டேப், கப்ளர் ரெண்டையும் பிரிச்சு பிரஷ் போட்டு தேய்ச்சிடலாம். அப்புறம் பச்சத் தண்ணி விட்டு, பிஹெச் பேப்பர்ல உங்க குழாய்த் தண்ணி காட்டுற அளவே வர்ற வரைக்கும் அலசணும். அது முடியறதுக்குள்ள பிஸி நேரத்துல எவனாவது தெரியாம கிளாஸ் புடிச்சு குடுத்துடுவான், அதனால ஹேண்டிலை கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆசிட் கிளீனரும் போடணும், காஸ்டிக்குக்கு போகாத பீர் கல்லு, அதாவது லைனுக்குள்ள கல்லு மாதிரி படியுற உப்பு, அதுலதான் கரையும். ரெண்டையும் ஒண்ணா கலந்துடாதீங்க.

எல்லாம் மாட்டுனதும் கேஸ் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் சோப்பு நுரை தடவி பாருங்க, குமிழி கிளம்புனா அங்க லீக். கோல்ட் ரூம்ல லீக்னா பணம் போறது மட்டும் இல்ல, கார்பன் டை ஆக்சைடுக்கு வாடை கிடையாது, மூடுன ரூம்ல கீழ தேங்கி ஆளையே சாச்சிடும். உள்ள போனதும் தலை கனத்து மூச்சு வாங்குச்சுனா யோசிக்காம வெளிய வந்துடுங்க, கதவைத் திறந்து போட்டு காத்தாட விட்டுட்டுதான் சிலிண்டர் பக்கம் போகணும்.