சின்ன இடி, நீண்ட காத்திருப்பு: மலைநாட்டில் சொகுசுக் கார் ரிப்பேரை இழுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

றம்பொடைப் பக்கம் ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் பஃபரின் (பம்பரின்) மூலை மதிலில் உரசியிருக்கும், இல்லாவிட்டால் ஏப்ரல் சீசன் நெரிசலில் நுவரெலியா டவுனில் பின்னால் வந்த வேன் மெதுவாக முட்டியிருக்கும். ஆளுக்கு ஒன்றும் இல்லை. அல்ட்டோ, வேகன் ஆர் என்றால் ஹட்டனிலேயே டிங்கர் பாஸ் ஒருவரைப் பிடித்து அடுத்த வாரமே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். பென்ஸ், பிஎம்டபிள்யூ, அவுடி, லெக்ஸஸ் என்று வரும்போதுதான் அதே உரசல் மாதக்கணக்கில் இழுக்கிறது. இப்படிக் கார் வைத்திருப்பவர் எல்லோரும் கோடீஸ்வரர் என்று ஊரில் ஒரு நினைப்பு. உண்மையில் நிறையப் பேர் ரீகண்டிஷனில் வந்த பழைய காரை லீசிங் கட்டி ஓட்டுகிறவர்கள், கார் கராஜில் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

கராஜுக்குப் போன் எடுத்து "கார் எப்ப முடியும்?" என்று கேட்டால் "இன்னும் ரெண்டு கிழமை" என்று ஒரு பதில் வரும். அடுத்த முறை கேட்டாலும் அதே ரெண்டு கிழமைதான். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை, அந்தக் கேள்விக்கு அவர்களிடமே பதில் கிடையாது. தாமதம் எப்போதும் ஏதாவது ஓர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்: காப்புறுதிக் கம்பெனியின் அனுமதி, சாமான் ஆர்டர், கப்பலும் சுங்கமும், அல்லது கராஜின் பெயின்ட் வரிசை. ஆகவே கேட்க வேண்டியது, "இப்ப எந்தச் சாமானுக்காக நிற்குது, அதை எந்தத் தேதியில ஆர்டர் போட்டீங்க, ஆர்டர் நம்பர் என்ன?" என்பது. மூன்றுக்கும் பதில் வந்தால் வேலை நடக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் தடுமாறினால் ஆர்டரே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடித்த இடத்திலேயே

பனி மூடிய வளைவில் காரை நடுவீதியில் விட்டுவிட்டு நின்று வாதாட வேண்டாம். இரண்டு வாகனமும் நிற்கிற நிலையில் தூரத்திலிருந்தும் கிட்டவிருந்தும் படம் எடுத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். மற்றவருடைய சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை இரண்டையும் படம் பிடியுங்கள். காப்புறுதிக் கம்பெனியின் அவசர இலக்கத்துக்கு அங்கிருந்தே அறிவிக்க வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டால் பிறகு அதையே ஒரு சாட்டாகச் சொல்வார்கள். சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, அதனால் கிலோமீட்டர் கல்லையும் தோட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், சேதத்தை மதிப்பிடக் காப்புறுதிக் கம்பெனி அனுப்பும் அசெசர் வரும்போது இடம் சொல்ல அதுதான் உதவும்.

மற்றவர் பிழையை ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது யாருக்காவது அடி என்றால், பொலிஸ். அங்கே எழுதும் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழும் அரச கரும மொழிதான். தமிழ் எழுதத் தெரிந்தவர் அந்த நேரம் இல்லை என்பார்கள். அப்படியானால் எழுதியதை வரிக்கு வரி வாசித்து விளக்கச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். யார் எந்தப் பக்கம் வந்தார் என்ற ஒரு வரி மாறிப்போனால் பின்னால் முழு கிளெய்மும் அதில் சிக்கும்.

ஓட்டிக்கொண்டு போகலாமா என்பதை பஃபரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்பக்க பஃபருக்குப் பின்னால்தான் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர், டர்போ எஞ்சின் என்றால் பல கார்களில் இன்டர்கூலரும் இருக்கின்றன. கீழே குனிந்து பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமில்லாத வெறும் தண்ணீர், கூலன்ட் என்றால் நிறமும் ஒரு இனிப்பு வாசமும் இருக்கும். கூலன்ட் ஒழுகும் காரைக் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற்றினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றத்தில் எஞ்சினையும் சேர்த்துப் பலி கொடுக்க வேண்டி வரும், அந்தச் செலவைக் காப்புறுதி ஏற்காமல் போகலாம். தூக்கிக்கொண்டு போவதென்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், ஓட்டோ கியரும் நான்கு சக்கர இழுவையும் உள்ள காரைப் பலகை லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பொலிசியில் எவ்வளவு தருவார்கள் என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். கொழும்பு வரைக்குமான கூலிக்கு அது பெரும்பாலும் காணாது.

எஸ்டிமேட் ஒரே முறையில்

இழுபறியில் பெரிய பங்கு இங்கேதான். வெளியே தெரியும் சேதத்துக்கு மட்டும் எஸ்டிமேட் போட்டு அனுமதி வாங்குவார்கள். பஃபரைக் கழற்றியதும் உள்ளே ஒரு பிராக்கட் உடைந்திருக்கும், சென்சர் ஒன்று வெடித்திருக்கும். உடனே மேலதிக எஸ்டிமேட், மறுபடி அசெசர், மறுபடி அனுமதி, அப்புறம் புதிதாக ஓர் ஆர்டர். ஒவ்வொரு சுற்றும் உங்கள் நாட்களைத்தான் தின்னும். ஆகவே முதலிலேயே கழற்றிப் பார்த்து, அசெசரைக் கழற்றிய நிலையில் வரவழைத்து, ஒரே எஸ்டிமேட்டாகப் போடச் சொல்லுங்கள். கழற்றிப் பூட்டும் கூலியைக் கராஜ் கேட்டால் கொடுத்துவிடலாம், அது லாபம்தான். சின்னக் கிளிப், ரிவெட், ஒருமுறை மட்டும் போடக்கூடிய போல்ட் எல்லாம் அந்த லிஸ்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நூறு ரூபாய் கிளிப் ஒன்று இல்லாமல் முழுக் காரும் நிற்பது நடக்கிற காரியம்.

எஸ்டிமேட் கைக்கு வந்ததும் காப்புறுதித் தொகையையும் எடுத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது, பொலிசியில் எழுதிய பெறுமதியோ பலருக்குப் பழையபடியே இருந்தது. சந்தையில் 2 கோடி பெறும் காரை 1.5 கோடிக்குக் காப்புறுதி செய்திருந்தால், கம்பெனி விகிதாசாரப்படி முக்கால் பங்கு மட்டும் தரலாம்: 8 லட்ச ரூபாய் பில்லில் 6 லட்சம் அவர்கள், 2 லட்சம் நீங்கள். இந்தக் கணக்கைப் பில் வரும் நாளில் கேட்டு அதிர்ச்சி அடைந்து, அப்புறம் காசு புரட்ட அலைந்து, அதனாலேயே கார் இன்னும் நிற்பதை விட அனுமதிக் கடிதம் வரும் நாளிலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பழைய சாமானுக்குப் புதுச் சாமான் போடும்போது தேய்மானம் கழிப்பார்கள், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாமான் வரும் வரை கார் வீட்டில்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான காரியம். கார் பாதுகாப்பாக ஓடும் என்று கராஜ்காரரே எழுதிக் கொடுத்தால், அனுமதியும் ஆர்டரும் முடிந்ததும் பஃபரை மறுபடி மாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாச் சாமானும் களஞ்சியத்துக்கு வந்த பிறகு திகதி எடுத்துக்கொண்டு இறக்குங்கள். கொழும்பில் பிரித்த நிலையில் நிற்கும் காரை யாரும் அவசரமாகப் பார்க்க மாட்டார்கள், பற்றரி இறங்கும், கழற்றிய ஸ்க்ரூ எங்கேயோ போகும். ஹெட்லைட் உடைந்திருந்தால் மட்டும் இந்த யோசனை வேண்டாம், இந்தப் பனியில் ஒற்றைக் கண்ணோடு ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து, எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

ஏன் இவ்வளவு நாள் என்றால், இந்தக் கார்களின் வெளிப்பாகங்களை ஏஜென்ட்மார் இங்கே அதிகம் வைத்திருப்பதில்லை, ஆர்டர் போட்டுத்தான் வர வேண்டும். கப்பலில் வந்தால் ஒரு கணக்கு, விமானத்தில் வந்தால் வேறு கணக்கு. பஃபர் மாதிரி இடத்தை அடைக்கும் சாமானை விமானத்தில் எடுப்பது வீண், எடையை விட அது பிடிக்கும் இடத்துக்குத்தான் காசு வாங்குவார்கள். ஆனால் வேலையை மறித்துக்கொண்டு நிற்பது பல நேரம் உள்ளங்கை அளவு சென்சராகவோ பிராக்கட்டாகவோ இருக்கும். அதை மட்டும் விமானத்தில் எடுக்கச் சொல்லி, மேலதிகச் செலவை நீங்களே கொடுப்பதாகச் சொன்னால் காரியம் நகரும்.

ஏஜென்ட் மூலம் வராமல் ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ரீகண்டிஷனில் வந்த கார் என்றால், மொடலும் வருஷமும் சொல்லி ஆர்டர் போட விடாதீர்கள். செசி இலக்கத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், ஐரோப்பியக் கார்களில் அது 17 எழுத்தும் இலக்கமும். ஒரே மொடலில் கெமரா உள்ள பஃபர், இல்லாத பஃபர், ரேடார் உள்ளது, ஹெட்லைட் கழுவும் குழாய் உள்ளது என்று பல வகை இருக்கும், பிழையான ஒன்று வந்து இறங்கினால் மறுபடி முதலிலிருந்து.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் தேடலாமா? தேடலாம், கதவு, பொனட், கண்ணாடிக் கூடு போன்றவற்றுக்கு அது நல்ல வழி, அதே நிறத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம். காப்புறுதிக் கம்பெனியிடம் முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹெட்லைட்டில் கவனம்: டுபாயிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்தது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது, அதன் ஒளி வலது பக்கம் உயர்ந்து போகும், இங்கே அது எதிரே வருகிறவரின் கண்ணில் நேராக அடிக்கும். ஜப்பான், இங்கிலாந்து, சிங்கப்பூர் சாமான் பரவாயில்லை. எலக்ட்ரோனிக் பெட்டிகளைப் பாவித்ததாக வாங்குவதென்றால் உங்கள் காருக்குக் கோடிங் செய்ய (காரோடு பொருந்தும்படி கணினியில் பதிய) முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், சில பெட்டிகள் பழைய காரோடு பூட்டப்பட்டிருக்கும்.

ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்குக் கராஜ்கள் மூடுவார்கள், டிசம்பர் கடைசியில் ஐரோப்பாவிலும் வேலை மந்தம். இந்த இரண்டுக்கும் முன்னால் ஆர்டர் போய்விட வேண்டும்.

காரைக் கராஜில் விட வேண்டியே வந்தால், வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்தின் வருடாந்த லைசன்) எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள். அதைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், பிரித்துப் போட்ட காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாது. திகதி கிட்ட இருந்தால் பரிசோதனையை முடித்துவிட்டே காரைக் கொடுங்கள்.

பெயின்டை ஊரில் அடிக்கலாமா

திறமையான பெயின்ட் பாஸ்மார் நம் பக்கமும் இருக்கிறார்கள், கை வேலையில் குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை காலநிலை. குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில் திறந்த கொட்டகையில் அடித்த பெயின்ட் வெள்ளை பாய்ந்து மங்கும். 60 பாகை அளவில் சூடாக்கிக் காய வைக்கும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போங்கள். முத்து நிறங்களுக்குப் பக்கத்துப் பகுதி வரைக்கும் நிறத்தை மெல்லக் கலந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் கதவு ஒரு நிறம் மட்கார்ட் ஒரு நிறம். பஃபருக்குப் பின்னால் ரேடார் இருந்தால் அந்த இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி நிமிர்த்த விடவே கூடாது, தடித்த பூச்சு ரேடாரின் கண்ணைக் கட்டிவிடும்.

நகரவே மாட்டேன் என்றால்

தொலைபேசியில் சண்டை பிடிப்பதால் பயனில்லை. வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சின்னதாக எழுதுங்கள்: "இன்ன திகதி அனுமதி கிடைத்தது, இன்ன சாமான் பாக்கி, வரும் வெள்ளிக்கு முன் ஆர்டர் நம்பரும் வரும் திகதியும் அனுப்பி வையுங்கள்." சர்வீஸ் அட்வைசருக்கு அனுப்பிப் பதில் இல்லை என்றால் அதே செய்தியை மனேஜருக்கும், காப்புறுதி கிளெய்ம் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். கராஜ் கம்பெனியைக் கை காட்டும், கம்பெனி கராஜைக் கை காட்டும். இரண்டு பேரும் ஒரே கடிதத்தில் இருந்தால் அந்த விளையாட்டு நடக்காது.

அனுமதியையோ பணத்தையோ காப்புறுதிக் கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு, அதற்கும் சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) அல்லது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. கராஜின் வேலையிலோ பில்லிலோ பிணக்கு என்றால் அங்கே போய்ப் பயனில்லை, அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பக்கம், இலக்கம் 1977. பிழை மற்றவருடையது என்றால், இத்தனை நாள் வாடகைக் காருக்குக் கொடுத்த பில்களையும் பத்திரமாக வைத்திருங்கள், அவருடைய பக்கத்தில் கோரிப் பார்க்கலாம்.

காரை எடுக்கப் போகும்போது பகலில் போங்கள், மழை நாளில் வேண்டாம், நனைந்த பெயின்டில் எந்தக் குறையும் தெரியாது. பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, பார்க்கிங் சென்சர் ஒவ்வொன்றும் கத்துகிறதா, மதிலுக்கு முன் நிறுத்தினால் இரண்டு லைட்டும் ஒரே உயரத்தில் விழுகிறதா, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சின் சூட்டையும் காருக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். கழற்றிய பழைய சாமான் காப்புறுதிக்குப் போகிறதா உங்களுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெமராவும் ரேடாரும் சரிபார்த்த கலிப்ரேஷன் பேப்பரைப் பில்லோடு சேர்த்து வாங்காமல் கராஜை விட்டு வெளியே வராதீர்கள், காரை விற்கும் நாளில் வாங்குகிறவர் இடிபட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது அதைத்தான்.